மெருகிட்ட கல்லும் மரமும்: பில்சென் நகரத்து மாடிமனைகள்



ஒரு வீட்டின் உள்ளழகைப் பற்றி வானொலியிற் பேச முற்படுவது சற்று விபரீதமான முயற்சியாகத் தோன்றலாம். கண்ணாற் காணவேண்டியதைக் காதாற் கேட்டு ஆவதென்ன என்று நீங்கள் வினவக்கூடும். ஆயினும் இன்றைய பேச்சுக்குரிய கட்டடக் கலைஞர், தாம் அமைத்த அறைகள் நிழற்படத்திற் சோபிக்கமாட்டா என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். படத்திற் பகட்டும் அறை வேறு, மனிதர் வாழும் அறை வேறு என்பது அவர் கொள்கை. கல்லின் குளிர்ச்சியையும் மரத்தின் வழுவழுப்பையும் எந்தக் கமெராவும் பிடித்துவிட முடியாது அல்லவா? படம் தோற்ற இடத்திலே சொல் ஓரளவு கைகொடுக்கும் என்ற துணிவோடு தொடங்குகிறேன்.

அவர் பெயர் அடொல்வ் லோஸ். 1870ஆம் ஆண்டிலே பிர்னோ என்னும் நகரிற் பிறந்தவர். அந்நகர் அக்காலத்தில் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று செக் குடியரசைச் சேர்ந்தது. தந்தையார் கல்தச்சர்; சிற்பமும் செய்தவர். மகனுக்குப் பத்து வயது நிரம்புமுன் அவர் இறந்துபோனார். எனினும் உளியின் ஓசையும், அறுத்த கல்லின் மணமும், மெருகு ஏற ஏறக் கல்லின் உள்ளிருந்து நிறம் வெளிப்படும் அதிசயமும் அச்சிறுவனின் நெஞ்சிற் பதிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்தவற்றைப் பார்க்கும்போது அப்படித்தான் எண்ணத் தோன்றுகிறது.

1893இல் லோஸ் அமெரிக்கா சென்றார். அங்கே மூன்று ஆண்டுகள் கிடைத்த வேலையைச் செய்து வயிறு வளர்த்தார். பாத்திரங் கழுவியதும் உண்டு. 1896இல் வியன்னா நகருக்குத் திரும்பியபோது, அந்நகரத்துச் செல்வர் வீடுகள் அவருக்கு நகைப்பை ஊட்டின. சுவரெங்கும் பூவும் கொடியும். காரையிற் செய்து கல்போல வர்ணந் தீட்டிய தூண்கள். மலிந்த மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் வரிகளைத் தூரிகையால் எழுதிய கதவுகள். எல்லாம் வேறொன்றாக வேடம் பூண்டு நின்றன.

இவ்விடத்தில் லோஸ் கேட்ட கேள்வியைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். அவருடைய கட்டட முறை முழுவதும் இதிலிருந்தே பிறந்தது. மனிதன் வீடு கட்டியது எதற்காக? வெப்பமும் இதமும் உள்ள ஓரிடம் வேண்டும் என்பதற்காக. அவ்விதத்தைத் தருவது எது? தரையிலே விரித்த கம்பளமும், நாற்புறமுந் தொங்கவிட்ட கம்பளங்களுமே. ஆனாற் கம்பளங்கள் தாமாக நிற்கமாட்டா. அவற்றைத் தாங்க ஒரு சட்டகம் வேண்டும். அச்சட்டகத்தை அமைப்பது இரண்டாவது வேலை. ஆகவே, உடலைத் தொடும் போர்வையே முதலாவது. சுவர் அதற்குப் பிந்தியது. 1898இல் எழுதிய ஒரு கட்டுரையிலே லோஸ் இக்கருத்தை விளக்கினார். நாம் பொதுவாக எண்ணுவதற்கு இது நேர்மாறானது. முதலிற் சுவரை எழுப்பிவிட்டு, கடைசியாகக் காசு மிஞ்சினால் மேற்பூச்சைப் பற்றி யோசிப்பவர்கள் நாம்.

போர்வைக்கு ஒரு நீதியும் உண்டு என்றார். போர்வை தான் மூடியிருக்கும் பொருளைப்போல நடிக்கக்கூடாது. மரத்துக்கு எந்த வர்ணத்தையும் பூசலாம். மரத்தின் நிறத்தை மாத்திரம் பூசக்கூடாது. சீமெந்துப் பூச்சுப் பூச்சாகவே இருக்கட்டும். அதிலே கோடுகளைக் கீறிக் கருங்கல் என்று காட்டவேண்டாம். சுருங்கச் சொன்னால், பச்சை வர்ணம் பூசிய கதவு நேர்மையானது. தேக்குப்போல வரியெழுதிய கதவு பொய் சொல்கிறது. இந்தச் சட்டத்தை மனத்திற் கொண்டு நம் சொந்த வீடுகளைச் சுற்றிப் பார்த்தால் எத்தனை கதவுகள் தேறும் என்பதை நேயர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

1910இல் வியன்னாவில் லோஸ் நிகழ்த்திய ஒரு விரிவுரை பெரும் புகழையும் பெரும் பகையையும் தேடித்தந்தது. அலங்காரமும் குற்றமும் என்பது அதன் தலைப்பு. ஒரு பொருளிலே தேவையற்ற சித்திர வேலையைச் சேர்ப்பது தொழிலாளியின் உழைப்பையும் பொருளையும் வீணாக்குவதாகும் என்று அவர் வாதித்தார். சித்திர வேலை சில ஆண்டுகளில் நாகரிகம் மாறிப் பழசாகிவிடும். பொருளோ இன்னும் உறுதியாக இருக்கும். ஆயினும் வீட்டுக்காரர் அதைத் தூக்கி எறிந்துவிடுவார். ஒரு பொருளின் உருவம் அப்பொருள் உழைக்கும் காலம் முழுவதும் சலிப்புத் தராமல் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு நடன இரவுக்கு அணியும் ஆடைக்குச் சித்திரம் பொருந்தலாம். வாழ்நாள் முழுவதும் பயன்படும் எழுதுமேசைக்குப் பொருந்தாது. அவ்விரிவுரையிற் பிற இனத்தவரைப் பற்றி அவர் கூறிய சில இழிவுரைகள் இன்று எவராலும் ஏற்கத்தக்கன அல்ல. அவற்றை ஒதுக்கிவிட்டு உழைப்பைப் பற்றிய வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அப்படியானால் வெள்ளைச் சுவர்தான் எஞ்சுமோ? அங்கேதான் லோஸ் நம்மை வியக்க வைக்கிறார். மனிதன் செதுக்கும் கொடியை நீக்கிய இடத்தில், இயற்கை வரைந்த கோட்டை வைத்தார். நல்ல சலவைக்கல்லும் நல்ல மரமும் உயர்ந்த வேலைத்திறனும் சேர்ந்துவிட்டால் வேறு அலங்காரமே வேண்டியதில்லை என்பது அவர் கண்ட வழி.

அவருக்கு மிகவும் பிடித்த கல் சிப்பொலினோ என்பது. இத்தாலிய மொழியில் அச்சொல் சிறு வெங்காயம் என்று பொருள்படும். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தோன்றும் அடுக்குகள் போல, வெண்மையும் பச்சையுமான பட்டைகள் அக்கல்லில் அலையலையாக ஓடும். சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிச் சலவைக்கல்லாகும்போது, இடையே கிடந்த களிமண் அடுக்குகள் பச்சை நிறக் கனிமங்களாகித் தங்கிவிட்டதன் விளைவு அது. கிரேக்க நாட்டிலே எயுபோவா என்னும் தீவில் இது கிடைக்கும். பண்டை உரோமர் தங்கள் கோயில்களுக்குத் தூண் செய்ய இதனைக் கப்பலேற்றிச் சென்றனர். வியன்னாவில் அரண்மனைக்கு எதிரே 1909க்கும் 1911க்கும் இடையில் லோஸ் எழுப்பிய வாணிப மாளிகையின் கீழ்ப்பகுதிக்கும் இக்கல்லையே பயன்படுத்தினார். மேற்பகுதியிலே யன்னல்களைச் சுற்றி ஒரு சித்திரமும் இல்லாதது கண்டு நகரமே கொதித்தெழுந்தது; புருவமில்லாத வீடு என்று ஏளனஞ் செய்தது.

கல்லைப் பதிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பாளத்தைத் தகடு தகடாக அறுத்தெடுப்பார்கள். அடுத்தடுத்து அறுத்த இரு தகடுகளில் வரிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவற்றைப் புத்தகத்தை விரிப்பதுபோல விரித்துப் பக்கத்திற் பக்கம் பதித்தால், இடப்புறத்து அலை வலப்புறத்திலே கண்ணாடி நிழல்போல் எதிரொலிக்கும். மரத்துக்கும் இதே முறைதான். உயர்ந்த மரத்தை மெல்லிய தகடாகச் சீவிச் சாதாரணப் பலகையின்மேல் ஒட்டி, வரியோடு வரி பொருத்துவார்கள். தகடுகளின் ஒழுங்கு ஒருமுறை குலைந்துபோனால் அதைச் சீர்செய்வது அரிது. ஆதலால் இந்த வேலையில் முதலிடம் வரைபடக்காரருக்கு அன்று. தகடுகளை இலக்கமிட்டு அடுக்கும் தச்சருக்கும் கல்வேலைக்காரருக்குமே உரியது. லோஸ் அவர்களைத் தமக்குச் சமமாகவே மதித்தார்.

1908இல் வியன்னாவில் அவர் அமைத்த அமெரிக்க மதுச்சாலை ஒன்று இம்முறைக்கு நல்ல உதாரணம். அது ஒரு சிறிய படுக்கையறை அளவே உள்ளது. கீழே மகோகனிப் பலகை. மேலே கட்டம் கட்டமாய் அமைந்த சலவைக்கற் கூரை. பலகைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட சுவரிலே, நிற்பவரின் தலைக்கு மேல் மட்டத்திற் கண்ணாடிகளைப் பதித்தார். உள்ளே இருப்பவர் தம் முகத்தை அதிற் காணமாட்டார். கூரை மட்டும் அண்டை அறைகளுக்குள் நீண்டு செல்வதுபோல் தோன்றும். ஒளி ஊடுருவும் மஞ்சள் நிற ஒனிக்ஸ் கல்லின் மெல்லிய தகடுகள் வாயிலின் மேலே யன்னல்போல நிற்கின்றன. அச்சாலை இன்றும் வியன்னாவில் உள்ளது.

இனிப் பில்சென் நகருக்கு வருவோம். பொஹீமியாவின் மேற்குப் பகுதியிலே உள்ள கைத்தொழில் நகர் அது. 1842இல் அங்கே முதன்முதல் வடிக்கப்பட்ட பொன்னிற பியர் ஊரின் பெயரையே உலகெங்கும் கொண்டுசென்றது. ஸ்கோடா ஆலைகளின் புகையும் அவ்வூருக்கு உரியது. புகைபடிந்த அத்தகைய நகரத்துக்கு லோஸை அழைத்தவர்கள் யாவர்? பெரும்பாலும் யூத வகுப்பைச் சேர்ந்த ஆலை முதலாளிகளும் வைத்தியர்களும். 1907ஆம் 1908ஆம் ஆண்டுகளில் ஹிர்ஷ் குடும்பத்தாரின் மனையோடு தொடங்கிய தொடர்பு, 1920களின் இறுதியில் மறுபடி தளிர்த்தது. ஒருவர் வீட்டைக் கண்டு மற்றொருவர் ஆசைப்பட, நண்பர் வழியாகவும் உறவினர் வழியாகவும் பத்துக்கு மேற்பட்ட மனைகளின் உள்ளமைப்பு அவர் கைக்கு வந்தது. பெரும்பாலானவை புதிய கட்டடங்கள் அல்ல. தெருவோரத்துப் பழைய மாடிக் கட்டடங்களில் உள்ள மனைகள். வெளியே நின்று பார்ப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு குறிப்பும் கிடைக்காது. வீடு வெளியே மௌனமாயிருந்து உள்ளே தன் செல்வத்தைக் காட்டவேண்டும் என்பது லோஸின் விருப்பமும்கூட.

பெந்தா தெருவில், 10ஆம் இலக்கக் கட்டடத்திலே, வில்லெம் கிராவுஸ் என்பவரின் மனை உள்ளது. லோஸ் 1930ஆம் 1931ஆம் ஆண்டுகளில் அதனை அமைத்தார். அதன் சாப்பாட்டறையைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். சுவரோடு ஒட்டிய சதுரத் தூண்கள் சிப்பொலினோக் கல்லால் ஆனவை. பச்சை அலைகள் அவற்றில் ஓடுகின்றன. நிமிர்ந்து பார்த்தாற் கூரை, மெருகேறிய கருஞ்சிவப்பு மகோகனி. எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களிலும் தூண்களுக்கு இடையே பெரிய கண்ணாடிகள். ஒரு கண்ணாடி மற்றொன்றைக் காட்ட, அது மறுபடி முதலாவதைக் காட்ட, அளவான அந்த அறை தூண் தூணாக, மேசை மேசையாக நீண்டு முடிவில்லாத மண்டபமாகிவிடுகிறது.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்கவேண்டும். இரு கண்ணாடிகளும் மிகச் சரியாக ஒன்றுக்கொன்று நேராக நின்றாலன்றி நிழல் வரிசை ஒருபுறமாய் வளைந்துவிடும். ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் ஒளி சற்றே குறையும். சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்துச் சிறிதளவு கலந்திருப்பதால், தூரத்து நிழல்கள் வரவரப் பச்சைச் சாயல் கொள்ளும். பச்சை வரியோடிய கல்லுக்கு அது எவ்வளவு இசைவு! லோஸ் இதனை எண்ணியே செய்தாரோ, தற்செயலாய் நேர்ந்ததோ, நான் அறியேன். செதுக்கிய பூ ஒன்றுகூட அவ்வறையில் இல்லை. ஆயினும் அதை வெறுமையான அறை என்று எவரும் சொல்லமாட்டார்.

கிளாற்றோவி வீதியிலே பல்வைத்தியர் வோகல் என்பவரின் மனை இன்னொரு வகை. ஒரே மாடியில் வைத்தியசாலையும் வீடும் அடுத்தடுத்து இருந்தன. அங்கே சாப்பாட்டறைக்குத் திரவர்த்தைன் என்னும் கல்லைத் தேர்ந்தார் லோஸ். ஊற்றுநீரிற் கரைந்த சுண்ணாம்பு படிந்து படிந்து உண்டாகும் கல் அது. இலையும் தண்டும் மக்கிய இடங்களிற் சிறுசிறு துளைகள் இருக்கும். சிப்பொலினோ பட்டுப்போல் மினுமினுக்குமானால், இது கைத்தறித் துணிபோல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்காரரின் இயல்பை அறிந்து கல்லைத் தேர்வது, உடம்புக்கு அளந்து சட்டை தைப்பது போன்றதொரு வேலை.

கதிரை மேசைகளைப் பற்றி லோஸின் போக்கு வேறு. சுவரோடு பொருந்திய அலுமாரிகளும் இருக்கைகளும் கட்டடக் கலைஞரின் பொறுப்பு. அசையும் சாமான்கள் வீட்டுக்காரரின் விருப்பம் என்று பிரித்துவைத்தார். 1900இல் அவர் எழுதிய ஒரு நையாண்டிக் கதை இதற்குச் சான்று. ஒரு செல்வர் தம் வீட்டைக் கலைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். சாம்பற் கிண்ணம் முதற் பாதரட்சை வரை யாவும் அக்கலைஞரே வரைகிறார். பிறந்தநாளன்று மனைவி மக்கள் அன்போடு கொடுத்த பரிசுகளை வைக்க அவ்வீட்டிலே இடமில்லை, கலைஞர் கோபிக்கிறார். எல்லாம் நிறைந்துவிட்டதால் இனி எதற்கும் ஆசைப்பட முடியாத ஏழையாகிவிடுகிறார் அந்தச் செல்வர். இன்றைய வீட்டு அலங்காரக்காரர் சிலர் இக்கதையைப் படித்தல் நன்று.

லோஸ் தம் சட்டத்தைத் தாமே மீறியதும் உண்டு. சில வீடுகளிலே கூரைக்குக் கீழ் மர உத்திரங்களைப் பொருத்தினார். அவை எந்தப் பாரத்தையும் தாங்குவன அல்ல. உள்ளே வெறும் பெட்டி. தணிந்த கூரையின்கீழ் ஒதுங்கியிருக்கும் இதத்தைத் தரவே அவற்றை வைத்தார் என்று சமாதானம் சொல்லலாம். எனினும் பொய்க்கதவைப் பழித்தவர் பொய்யுத்திரம் வைக்கலாமா என்ற வினா நியாயமானதே. எனக்கு அவ்வுத்திரங்கள் ஒரு குறையாகவே படுகின்றன.

செல்வருக்கே உரிய கலை என்று யாரும் இதைத் தள்ளிவிட வேண்டாம். முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் மக்கள் குடியிருக்க இடமின்றித் தவித்தபோது, 1921 முதல் 1924 வரை அந்நகரத்துக் குடியேற்ற அலுவலகத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர் லோஸ்தான். அங்கே தொழிலாளருக்கென மரக்கறித் தோட்டத்தோடு கூடிய சிக்கனமான வீடுகளை வரைந்தார். அங்கே சலவைக்கல்லுக்கு இடமேது? ஆயினும் சட்டம் அதுவே: பொருள் தான் எதுவோ அதுவாகவே நிற்கவேண்டும். வெள்ளையடித்த சுவர் அச்சட்டத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

நம் நாட்டிலே இம்முறையைப் பின்பற்ற விரும்புவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். சலவைக்கல் சுண்ணாம்பின் இனமாதலால் தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் பட்ட இடத்தில் மெருகு போய்விடும். சமையலறைக்கு அது உகந்ததன்று. சுவரோடு ஒட்டிப் பதித்த மரப்பலகை நம் ஈரமான காற்றிலே கறையானுக்கு விருந்தாகும். பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். பிராக் நகரிலே 1930இல் லோஸ் முடித்த முல்லர் மாளிகையில், இல்லத்தலைவியின் அறைக்கு எலுமிச்சை மரம் என்று தச்சர் வழங்கும் மஞ்சள் நிற மரத்தைப் பதித்திருக்கிறார். அதன் வர்ணனையைப் படித்தபோது வன்னியிலும் கிழக்கிலும் நன்கு அறியப்பட்ட முதிரையின் பொன்னிறமே என் கண்முன் நின்றது.

லோஸ் 1933இல் வியன்னாவுக்கு அருகே காலமானார். முடியாதிருந்த வேலைகளை அவருடைய மாணவர் ஹைன்றிஷ் குல்கா தொடர்ந்தார். ஆனால் அம்மனைகளில் வாழ்ந்தவர்களுக்கு நீண்ட காலம் விதிக்கப்பட்டிருக்கவில்லை. 1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் திகதி ஜெர்மன் படைகள் பொஹீமியாவுட் புகுந்தன. பில்செனின் யூதக் குடும்பங்கள் வீட்டையும் ஆலையையும் இழந்தன. தப்பியோட முடிந்தவர் ஓடினர். மற்றவர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கிராவுஸ் பிரித்தானியா சென்று உயிர் தப்பினார். அவருடைய மனைவியும் இரு பிள்ளைகளும் நாஜிகளின் முகாமில் மாண்டனர். லோஸின் மூன்றாம் மனைவியாயிருந்து பிரிந்த கிளேர் பெக், பில்செனிலே பிறந்தவர், நிழற்படக் கலைஞர். கணவரின் அன்றாட வாழ்வைச் சுவையான சிறு குறிப்புகளாக எழுதி 1936இல் நூலாக்கியவர். அவரும் 1942இல் ரீகா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

போருக்குப்பின் 1948இல் ஆட்சி மாறியது. மனைகள் அரசின் கைக்குப் போயின. பல்வைத்தியரின் வீடு நெடுங்காலம் அரசாங்க அலுவலகமாயிற்று. கோப்புகளும் தட்டச்சு இயந்திரங்களும் திரவர்த்தைன் சுவர்களுக்கிடையே குடியேறின. மரவேலைகள் பலவிடத்துப் பழுதுபட்டன. சுவரோடு சுவராய்ப் பதிந்திருந்த கல்லை மட்டும் எளிதில் எவராலும் அகற்ற முடியவில்லை. பழுதானவற்றைத் திருத்தும் பணி நீண்ட காலத்தின் பின்னரே தொடங்கியது. 2015இல் பில்சென் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கிய காலத்தையொட்டி, சில மனைகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன.

இப்பொழுது வழிகாட்டி ஒருவரோடு சிறு சிறு குழுக்களாகப் பார்வையாளர் மாடியேறி வருகின்றனர். கிராவுஸ் வீட்டுச் சாப்பாட்டறையிலே கல் பழைய மெருகோடு நிற்கிறது. கூரையின் மகோகனி கருஞ்சிவப்பாய் ஒளிர்கிறது. வந்தவர்கள் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே நின்று, வரிசை வரிசையாக நீண்டு செல்லும் தங்கள் உருவங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த மனையைக் காணப் படியிறங்கிப் போகின்றனர்.